எழுதுற ஆளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? மன்னாரின் மருத்துவப் பதிவேடுகள் பற்றி ஒரு சிறு வரலாறு

மன்னார்த் தீவில ஒருத்தருக்குக் காய்ச்சல் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பேசாலையோ எருக்கலம்பிட்டியோ, எந்த ஊரா இருந்தாலும் சரி. அவர் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில அனுமதிக்கப்பட்டா, அந்த நிமிசமே அவரைப் பற்றின எழுத்து வேலை தொடங்கிவிடும். கட்டிலோடு ஒரு கோப்பு வரும். 'பெட் ஹெட் டிக்கட்' எண்டு எல்லாரும் சொல்லுறது அதைத்தான். வைத்தியரும் தாதியரும் அதில எழுதுவினம். டெங்கு எண்டு சந்தேகம் வந்தா 'எச்-544' எனப்படும் அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அதை வைச்சுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து கிணறு, தொட்டி, சிரட்டை எல்லாம் பார்ப்பார். நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போன பிறகும் கோப்பின் பயணம் முடியாது. அது பதிவேட்டு அறைக்குப் போகும். அங்க இருக்கிற உத்தியோகத்தர் நோயின் பெயரை ஐ.சி.டி-10 எனும் உலகப் பொதுக் குறியீடாக மாற்றி, கணினி வழியாகக் கொழும்புக்கு அனுப்புவார். அங்க சுகாதார அமைச்சு நாடு முழுக்க வந்த எண்களைக் கூட்டும். எந்த மாவட்டத்தில என்ன நோய், எவ்வளவு மருந்து தேவை என்ற கணக்கு இதிலிருந்துதான் தொடங்குது.

இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி பிழைச்சா என்ன நடக்கும்? டெங்குவுக்கு ஒரு குறியீடு இருக்கு. காரணம் தெரியாத வெறும் காய்ச்சலுக்கு 'ஆர்50' எண்டு வேறொரு குறியீடு இருக்கு. வைத்தியர் அவசரத்தில 'காய்ச்சல்' எண்டு மட்டும் எழுத, குறியீடு போடுறவர் அதை அப்பிடியே ஆர்50 ஆக்கிவிட்டா, அந்த நோயாளி டெங்குக் கணக்கில வரமாட்டார். இப்பிடி நூறு பேர் விடுபட்டா, கொழும்பிலிருந்து பார்க்கிறவருக்கு மன்னாரில டெங்கு இல்லை எண்டுதான் தெரியும்.

மென்பொருள் நல்லதா கெட்டதா எண்டு நாங்கள் நிறையக் கதைக்கிறம். அதை நிரப்புகிற ஆளுக்கு ஆர், எந்த மொழியில, எதுக்காகச் சொல்லிக் குடுத்தது எண்டு கதைக்கிறது குறைவு. இந்தக் கேள்வியோட மன்னாரின் கடந்த இருநூறு ஆண்டைப் பார்த்தா, வரலாறு கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

எண்ணினார்கள், எழுதவில்லை

மன்னார் ஒரு வாசல். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் தோணிகளில் வந்து இந்தக் கரையில் இறங்கினார்கள். இங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுக்குள்ளால் நடந்தார்கள். வாந்திபேதி, அம்மை, மலேரியா, பட்டினி எல்லாம் கூடவே நடந்தன. விழுந்தவர்கள் பலர் வழியிலேயே கிடந்தார்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்? 1841க்கும் 1849க்கும் இடையில் 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை மதிப்பிட்டது. அந்தப் பத்திரிகையை நடத்திய கிறிஸ்தோபர் எலியட் ஒரு வைத்தியர். அந்த எண் அப்போதே மறுக்கப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதைப் பற்றி வாதிடுகிறார்கள்.

ஏன் வாதிட வேண்டியிருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கரையில் இறங்கியவர்களை அரசு எண்ணியது. திரும்பிப் போனவர்களையும் எண்ணியது. இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனவர்களை, ஆளாக, பெயராக, நோயாக எழுதுவதற்கு யாரும் இருக்கவில்லை. ஆகவே இறப்பு என்பது கழித்தல் கணக்கில் மிஞ்சிய எண்ணாகவே நின்றுவிட்டது. பதிவேடு இருந்தது. அது ஒரு வேலைக்காரர் தொகையைக் கணக்குப் பார்க்க வைச்ச பதிவேடு. நோயாளி என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை.

பிறகு வந்த காகிதங்களும் பெரும்பாலும் அப்படியே. 'துண்டு' எனப்பட்ட சீட்டு, தொழிலாளியின் கடனைச் சுமந்து அவரோடு தோட்டம் தோட்டமாகப் போனது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1901இல் வந்த தகரவில்லை, தோட்டத்தின் அடையாளத்தைத் தொழிலாளியின் கழுத்தில் தொங்கவிட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கியது. அக்கரையில் மண்டபம் முகாமில் வருகிறவர்களைத் தடுத்து வைத்து நோய் பார்த்தார்கள். அங்கேயும் முதல் கேள்வி, இந்த உடம்பு தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகுமா என்பதுதான். ஒரு பதிவேடு யாருக்காக எழுதப்படுது எண்டதை அதில இருக்கிற கட்டங்களே காட்டிக் குடுத்துவிடும்.

மானிப்பாயில் ஒரு வகுப்பு

மன்னாரிலிருந்து வடக்கே, யாழ்ப்பாணத்தில், அதே காலத்தில் வேறொரு முயற்சி நடந்தது. 1847இல் அமெரிக்க மிசனில் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் மானிப்பாயில் மருத்துவம் பார்த்தார், மாணவர்களுக்கும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவர் தன் ஊரிலேயே தங்குவார், ஊர்ச் சனத்தோடு அவர்களின் மொழியில் கதைப்பார் என்பது அவருடைய கணக்கு.

கிறீன் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. வகுப்பு நடத்திக்கொண்டே, மாணவர்களின் துணையோடு புத்தகங்களை உருவாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று ஒரு முழு நூல்வரிசை வந்தது. கலைச்சொற்களுக்கு ஒரு ஒழுங்கை வைத்துக்கொண்டார். தமிழில் இருந்தால் அதை எடுத்தார். வடமொழிச் சொல் புழக்கத்தில் இருந்தால் அதை எடுத்தார். இரண்டும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். கெமிஸ்தம் அப்பிடி வந்த சொல்தான். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்றார்கள். 1884இல் அவர் இறந்தார்.

அவருக்குப் பிறகு அந்த வழி தொடரவில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது, அரசு வேலையும் ஆங்கிலத்தில் இருந்தது. இலங்கை வைத்தியசாலைக் கோப்புகள் இன்றும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன.

இதில பெருமை பேசிக்கொண்டு நிக்கிறதில பிரயோசனம் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு வேலைமுறை. கிறீன் புத்தகத்தை எழுதி அனுப்பிவிட்டு ஓயவில்லை. எந்தச் சொல் மாணவருக்கு விளங்கவில்லை என்பதை வகுப்பில் அவரால் நேரே பார்க்க முடிந்தது.

ஒரு சொட்டு இரத்தம், ஒரு வரி எழுத்து

மன்னாரில் பதிவேடு உயிர் காத்த கதையும் இருக்கிறது. அது மலேரியாவின் கதை.

1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. பிறகு டி.டி.டி. வந்தது, ஒழிப்புத் திட்டம் வந்தது. 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டும். வெற்றி எண்டு நினைச்சுக் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மீண்டும் மலேரியா.

அதன் பிறகு பல பத்தாண்டுகள், வறண்ட வலய மாவட்டங்களில் ஒரே வேலை திரும்பத் திரும்ப நடந்தது. காய்ச்சல்காரரின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பது. கண்ணாடித் தகட்டில் பூசி இலக்கம் இடுவது. பெயர், ஊர், திகதி எழுதுவது. நுண்ணோக்கியில் பார்த்து முடிவை அதே இலக்கத்துக்கு நேரே எழுதுவது. இலக்கம் மாறினால் மருந்து வேறு ஆளுக்குப் போய்விடும். மன்னார் போன்ற வடபகுதி மாவட்டங்களில் போர்க் காலத்திலும் இந்த வேலை முற்றாக நிற்கவில்லை. சோதனைச் சாவடிகளைத் தாண்டி மருந்தும் நுளம்புவலையும் போயின.

1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருந்த நோயாளர் தொகை படிப்படியாகக் குறைந்தது. 2012 ஒக்ரோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மூன்று மாதம் கழித்து, 2016 டிசம்பரில், மன்னார்த் தீவில் 'அனோபிலிஸ் ஸ்டீபன்சி' என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையில் இதற்கு முன் பதிவாகாத இனம். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. நாங்கள் தண்ணி அள்ளுற கிணறே அதற்குப் போதும். சான்றிதழ் வந்த கையோடு வேலை முடிஞ்சுது எண்டு எல்லாரும் வீட்டை போயிருந்தா, இந்த நுளம்பை ஆர் கண்டிருப்பினம்? 1963இல் நடந்ததிலிருந்து நாடு ஏதோ படிச்சிருக்கு எண்டதுக்கு இது ஒரு சாட்சி.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று வந்திருக்கு. இண்டைக்கு வேலைக்கு வருகிற இளம் வைத்தியரோ தாதியோ மலேரியா நோயாளி ஒருவரைக் கண்ணால கண்டதே இல்லாமல் இருக்கலாம். இனி வரக்கூடிய மலேரியா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். அதைப் பிடிக்கிற ஒரே கேள்வி, 'அண்மையில எங்கயாவது வெளிநாடு போய் வந்தனீங்களோ?' என்பது. மென்பொருளில் இது ஒரு சின்னக் கட்டம்: பயண வரலாறு, ஆம் அல்லது இல்லை. நேரமில்லாத ஒருவர் கேளாமலேயே 'இல்லை' எண்டு அழுத்திவிட்டா, திரையில எல்லாம் சரியாத்தான் இருக்கும். தமிழக முகாமிலிருந்து திரும்பி வந்த ஒருவரோ ஆபிரிக்காவில் வேலை செய்து வந்த ஒருவரோ அந்த 'இல்லை'க்குள் மறைந்து போவார். அந்தக் கட்டம் ஏன் இருக்கு எண்டு தெரிஞ்ச ஆள்தான் கேள்வியைக் கேட்பார்.

வகுப்பு திரைக்கு வந்தது

இப்ப மென்பொருளுக்கு வருவம். உலகில் இந்தத் துறையில் அதிகம் பயன்படுவது டி.எச்.ஐ.எஸ்-2. நிறவெறி ஆட்சி முடிந்த 1990களின் தென்னாபிரிக்காவில், மாவட்டச் சுகாதாரத் தரவுகளை ஒன்றுசேர்க்கும் முயற்சியாக இது தொடங்கியது. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் அதைத் தொடர்ந்து வளர்த்தது. இணையவழிப் பதிப்பு முதலில் பரீட்சிக்கப்பட்ட இடங்களில் ஒன்று கேரளம், 2006இல். இது திறந்த மூல மென்பொருள், காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம். இலங்கையில் தாய்-சேய் நலத் தரவுகள் உட்படப் பல திட்டங்கள் இதில் ஓடுகின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில், ஒஸ்லோவின் துணையோடு, மருத்துவத் தகவலியலில் வைத்தியர்களுக்கான முதுமாணிப் படிப்பும் நடக்கிறது.

அந்தப் படிப்பின் பயன் 2020இல் தெரிந்தது. சீனாவில் கொரோனா பரவத் தொடங்கியதும், நாட்டுக்குள் வருகிற பயணிகளைப் பதிவு செய்து பின்தொடர, இலங்கையர்களே டி.எச்.ஐ.எஸ்-2இல் ஒரு பகுதியை 2020 ஜனவரியிலேயே உருவாக்கிவிட்டார்கள். இலங்கையில் முதல் தொற்று உறுதியானதும் அதே ஜனவரி 27ஆம் திகதிதான். பிறகு இந்த வேலை உலகின் பல நாடுகளுக்கு மாதிரியானது. 2021இல் தடுப்பூசிப் பதிவுக்கும் இதே மென்பொருள் பயன்பட்டது.

ஒரு மென்பொருளைச் சில நாளில் கட்டலாம். அதை நாடு முழுக்க இருக்கிற ஊழியர்களுக்குப் பழக்குவது வேறு வேலை. வழமையான முறை படிப்படியாக இறங்குவது. கொழும்பில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாகாணத்துக்கு, மாகாணம் மாவட்டத்துக்கு, மாவட்டம் வைத்தியசாலைக்கு. நாலாவது படிக்கு வரும்போது 'இந்தப் பொத்தானை அழுத்து' என்பது மட்டும் மிஞ்சும். ஏன் அழுத்த வேணும் எண்டது மேலேயே தங்கிவிடும். மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். ஒரு நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பினால் மூன்று நாள் வாட்டில் ஆள் குறையும்.

இணையவழிப் பயிற்சி இந்த இரண்டு பிரச்சினைக்கும் நல்ல மருந்து. நாலு படி தேவையில்லை, முதல் ஆசிரியரின் குரலையே சிலாவத்துறையில் இருக்கிற ஊழியரும் கேட்கலாம். விளங்காவிட்டால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். ஒஸ்லோ நடத்தும் டி.எச்.ஐ.எஸ்-2 பயிற்சிகள் 2020இல் முழுமையாகத் திரைக்கு நகர்ந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓப்பன் டபிள்யூ.எச்.ஓ.' தளம், கொரோனா பற்றிய முதல் பாடத்தை 2020 ஜனவரியிலேயே வெளியிட்டு, பிறகு பல பத்து மொழிகளுக்குக் கொண்டுபோனது. மனம் வைச்சா மொழி ஒரு தடையே இல்லை எண்டு அது காட்டியது.

ஆனா திரைக்கும் அதன் குறைகள் இருக்கு. வேலை நேரத்தில வகுப்பு வைச்சா, சூமில பெயர் நிக்கும், ஆள் வாட்டில நிப்பார். கடைசியில வாற வினாக்கொத்துக்குப் பக்கத்தில இருக்கிறவர் விடை சொல்லுவார், சான்றிதழ் வந்திடும். மொழியும் இருக்கு. மருத்துவ மென்பொருள் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தொடங்குகின்றன. டி.எச்.ஐ.எஸ்-2ஐப் பழகிப் பார்க்க ஒரு பொது மாதிரித் தளம் இருக்கு. அதில இருக்கிற ஊர்கள் எல்லாம் சியரா லியோன் நாட்டு ஊர்கள். பழகுறதுக்கு அது போதும். ஆனா முருங்கனிலிருந்து வந்த ஒரு பாம்புக்கடி நோயாளியை எப்பிடிப் பதியிறது, தலைமன்னார்க் கடற்றொழிலாளி ஒருவரின் முகவரியை எந்தக் கிராம அலுவலர் பிரிவில் போடுறது எண்ட சந்தேகத்தை அது தீர்க்காது.

கையிலிருந்த கொப்பி

இன்னொரு விசயத்தையும் மறக்கக் கூடாது. 1990 ஒக்ரோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள். வேறு பல குடும்பங்கள் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போயின. 2008இல் மாந்தை மேற்கு, மடுப் பக்கத்துச் சனம் வன்னிக்குள் இடம்பெயர்ந்தது. இப்பிடி ஓடின சனத்தோட கூடப் போகக்கூடிய மருத்துவப் பதிவு எது? வைத்தியசாலை அலுமாரியில் கிடந்த கோப்பு வராது. தாயின் கையில் இருந்த பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடும் நோயாளியின் கிளினிக் கொப்பியும்தான் வரக்கூடியவை. எந்த ஊசி போட்டது, எந்த மருந்து எடுக்கிறது என்பதைப் புது ஊரில் சொல்ல அவை இரண்டும்தான்.

பதிவை நோயாளியின் கையில் குடுக்கிற அந்த முறையை மென்பொருள் வந்தாலும் விடக்கூடாது. நெருப்பிலும் வெள்ளத்திலும் கணினிப் பதிவு தப்பும், உண்மை. ஆனா நோயாளிக்கே தன் பதிவைப் பார்க்க முடியாமல் போனா, அது 'துண்டு' காலத்துப் பக்கம் ஒரு அடி திரும்புற மாதிரி. மன்னார் போல எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊரில இரகசியமும் முக்கியம். ஒரே பாஸ்வேர்ட்டை நாலு பேர் பாவிச்சா, ஆர் எதைப் பார்த்தது எண்டு பிறகு கண்டுபிடிக்க ஏலாது. 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் புத்தகத்தில் இருந்தாப் போதாது, பயிற்சியின் முதல் பாடத்தில இருக்க வேணும்.

என்ன செய்யலாம்

பெரிய காசு தேவைப்படாத சில வேலைகள் இருக்கு. பத்து நிமிசத்துக்கு மேற்படாத காணொளிகள், தமிழில், கைபேசியில் இறக்கி வைச்சு இரவு வேலை முடிஞ்ச பிறகு பார்க்கக்கூடியதா. திரையில் ஆங்கிலச் சொல் இருக்கட்டும், விளக்கம் தமிழில் இருக்கட்டும். கிறீன் செய்ததும் ஏறத்தாழ அதுதான். உதாரணங்கள் எல்லாம் இந்த மாவட்டத்துக் காய்ச்சலும் பாம்புக்கடியும் பிரசவமுமாக இருக்க வேணும். பயிற்சிக்கு வேலை நேரத்திலேயே இடம் ஒதுக்க வேணும், அந்த நேரத்தில வாட்டைப் பார்க்க வேறு ஆள் இருக்க வேணும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது, எழுதுற ஆளுக்கு அவருடைய எழுத்து என்ன ஆனது எண்டு திருப்பிக் காட்டுறது. 'நீங்க போன மாதம் அனுப்பின அறிவித்தலால இந்தக் கிராமத்தில இத்தனை கிணறு பார்த்தம்' எண்டு ஒரு தகவல் வந்தா, அடுத்த தரம் அவர் 'காய்ச்சல்' எண்டு மட்டும் எழுத மாட்டார். மேலே போற தரவு கீழே திரும்பி வராத வரைக்கும், அது எழுதுகிறவருக்கு இன்னொரு சுமைதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இலிருந்து மருத்துவ பீடம் இருக்கு. கணினி படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நிறைய. திறந்த மூல மென்பொருள் எண்டால் அதன் பாடங்களையும் எங்கட மொழிக்குக் கொண்டுவரத் தடை குறைவு. ஒரு மருத்துவ மாணவர், ஒரு கணினி மாணவர், பதிவேட்டு அறையில பல ஆண்டு வேலை செய்த ஒரு அக்கா, மூண்டு பேரும் ஒரு மேசையில இருந்தா முதல் பாடம் ஒரு கிழமையில தயார். அந்த அக்காவை மட்டும் விட்டுவிடாதேங்கோ. எந்தக் கட்டத்தில ஆக்கள் தடுமாறுவினம் எண்டு அவவுக்குத்தான் தெரியும்.